இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி: ஸ்டீரியோ சத்தம் சாய்ந்தால் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. திருவையாற்றில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து திருவாவடுதுறை நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை ஒன்றைப் போட்டேன். நாயனம் இரண்டு பாக்ஸுக்கும் நடுவே, சுவரில் தினசரி காலண்டர் தொங்கும் இடத்திலிருந்து வரவேண்டும். அன்று இடது பாக்ஸிலேயே ஒட்டிக்கொண்டது. வலது பாக்ஸில் காதை வைத்தால் அடுத்த தெருவில் யாரோ வாசிப்பது போலக் கேட்டது. வால்யூமைக் கூட்டினேன். ஒரு கட்டத்தில் ‘டக்’ என்றது. வலது பக்கத்துக்கு உயிர் வந்து, நாயனம் நடுவுக்கு நகர்ந்தது. இரவாகிவிட்டதே என்று குறைத்து வைத்தேன். சற்று நேரத்தில் மறுபடியும் இடது பக்கம் சாய்ந்துவிட்டது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை நான் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. இந்த வழிகாட்டியை எழுதுவதற்குக் காரணமே அதுதான். சத்தம் ஒரு பக்கம் குறைந்தால் நம்மில் பலர் நேராக ஆம்ப்ளிஃபயர் மூடியைத் திறக்கிறோம், இல்லாவிட்டால் புது பாக்ஸ் வாங்கப் போகிறோம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் வயலைத் தோண்ட மாட்டார்கள். வாய்க்கால் ஓரமாகவே நடந்து, எந்த மதகுவரை தண்ணீர் இருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று பார்ப்பார்கள். சத்தத்துக்கும் அதே நடைதான்.

ஸ்டீரியோவில் ஓடுவது இரண்டு வாய்க்கால். பாட்டு ஃபைலிலிருந்து போன், போனிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து ஆம்ப், அங்கிருந்து ஸ்பீக்கர் ஒயர், பாக்ஸ், அறை, கடைசியில் உங்கள் காது. இந்த வழியில் ஒவ்வோர் இடத்திலும் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு பாதை இருக்கிறது. இது நமக்குப் பெரிய வசதி. ஒன்று கெட்டால், ஒப்பிட்டுப் பார்க்க நல்லதாக இன்னொன்று கையிலேயே இருக்கிறது.

முதலில் போட வேண்டியது மோனோ

சோதனைக்கு ஸ்டீரியோ பாட்டைப் போடாதீர்கள். அதில் இடமும் வலமும் வேறு வேறாக இருப்பதுதான் இயல்பு. கச்சேரிப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது கைப் பழக்கமுள்ள மிருதங்க வித்வான் பெரும்பாலும் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார். வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கும் பக்கம், சபையைப் பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் எதிரே உட்கார்ந்து கேட்கும் நமக்கு மிருதங்கம் இடது பக்கமும் வயலின் வலது பக்கமும் இருக்கும். நல்ல ஸ்டீரியோ பதிவிலும் அப்படியே வரும். ‘இடது பாக்ஸில் அடி அதிகம், வலதில் கம்பி அதிகம்’ என்று ஒருவர் சொன்னால் அவருடைய செட் சரியாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். வயலின் இடது பக்கம் வந்தால்தான் கேபிள் இடம் மாறியிருக்கிறதோ என்று பார்க்க வேண்டும்.

ஆகவே மோனோ. ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்தது 1958இல். (ஸ்டீரியோவுக்கு ஆலன் ப்ளம்லைன் இங்கிலாந்தில் காப்புரிமை கோரியது 1931இலேயே என்றாலும், வீட்டுக்கு வந்து சேர அத்தனை காலம் ஆனது.) அவர் வாசித்த இசைத்தட்டுகள் மோனோதான். மோனோ என்றால் இரண்டு பக்கமும் ஒரே சத்தம், ஒரே அளவு. சரியான செட்டில் அது நடுவில் ஒரே புள்ளியிலிருந்து வரும். திருவாவடுதுறை நாயனம் நம் ஊருக்கு விட்டுப்போன சொத்துகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: செட்டைச் சோதிக்க அதைவிட நல்ல பதிவை நான் கண்டதில்லை. சீவாளியின் கூர்மை ட்வீட்டரையும் (மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்), கீழ் ஸ்தாயி ஊஃபரையும் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒரே நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. பழைய மோனோ தட்டைக் கேசட்டில் ஏற்றி, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி இணையத்தில் போட்டிருப்பார்கள். கேசட் டெக்கில் ஹெட் அழுக்காக இருந்தால் அப்போதே ஒரு பக்கம் மங்கிப்போயிருக்கும். அதனால் போனிலேயே மோனோவை ஆன் செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டி பகுதிக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று இருக்கும். அது இரண்டையும் கலந்து இரண்டு பக்கத்துக்கும் சமமாக அனுப்பிவிடும். பக்கத்திலேயே இடது வலது பேலன்ஸ் ஸ்லைடர் இருக்கிறதா, அது நட்ட நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். குழந்தைகள் போனை நோண்டும் வீடுகளில் கோளாறு இதோடு முடிந்துவிடுவதும் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய், பயன்படுத்தும் ஸ்பீக்கரைத் திறந்தால் இடது, வலது என்று இரண்டு அளவு தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஆம்பில் இருக்கும் பேலன்ஸ் திருகைப் பாருங்கள். நடுவில் ‘கிளிக்’ என்று நிற்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு பாக்ஸுக்கும் உங்களுக்கும் இடையே சமமான முக்கோணம் வரும்படி உட்காருங்கள். ஒரு நூல் எடுத்து, உங்கள் மூக்கிலிருந்து இரண்டு பாக்ஸுக்கும் நீளம் அளந்து பார்த்தால் போதும். அரையடி வித்தியாசம் இருந்தாலே சத்தம் கிட்டத்தில் இருக்கும் பாக்ஸ் பக்கம் சாயும்.

திரும்பி உட்காருங்கள்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் செய்துவிடுங்கள். பாக்ஸுக்கு முதுகைக் காட்டி, அதே இடத்தில் திரும்பி உட்காருங்கள். முன்பு வலது பாக்ஸ் குறைவாகக் கேட்டது என்றால், இப்போதும் அதே பாக்ஸ்தான் குறைவாகக் கேட்க வேண்டும். அப்படி இல்லாமல் மற்ற பாக்ஸ் குறைவாகக் கேட்டால், கோளாறு பாக்ஸில் இல்லை, வலது காதில் இருக்கிறது.

பெரும்பாலும் அழுக்கு அடைத்திருக்கும், அல்லது சளி பிடித்திருக்கும். காதில் பின்னூசி, தீக்குச்சி எதையும் விடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் ஒரு காது திடீரென்று, ஒரே நாளில் மங்கிப்போனால் தள்ளிப்போடவே கூடாது. அன்றைக்கோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்குச் சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நாள் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். செட்டுக்கு நாளைக்கும் மெக்கானிக் கிடைப்பார்.

மாற்றிப் பார்ப்பது

இனி இந்த வேலையின் இதயம். ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் ஓர் இடத்தில் இடதையும் வலதையும் மாற்றிச் சொருகுகிறீர்கள். கோளாறு அந்த இடத்துக்கு முன்னால், அதாவது போன் பக்கம் இருந்தால், குறைந்த சத்தம் மறு பாக்ஸுக்கு மாறிவிடும். கோளாறு அந்த இடத்துக்குப் பின்னால், பாக்ஸ் பக்கம் இருந்தால், அதே பாக்ஸிலேயே நிற்கும்.

வலது பாக்ஸ் குறைவாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆம்ப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் ஒயர்களில் இடது ஜோடியை வலதிலும், வலது ஜோடியை இடதிலும் போடுங்கள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. செம்பு இழை ஒன்று கூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. இரண்டு சுற்று முறுக்கி, நுனியை மடித்துச் சொருகுங்கள். இப்போது ஆன் செய்து அதே பாட்டை, அதே வால்யூமில் கேளுங்கள்.

குறைந்த சத்தம் இடது பாக்ஸுக்கு ஓடிவிட்டதா? அப்படியானால் உங்கள் பாக்ஸும் ஸ்பீக்கர் ஒயரும் நல்லவை. கோளாறு ஆம்பில், அல்லது அதற்கு முன்னால். வலது பாக்ஸிலேயே நிற்கிறதா? அப்படியானால் ஆம்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஒயர், பாக்ஸ், அறை இந்த மூன்றில் ஒன்று.

முதல் விடை வந்தால், ஒயரைப் பழையபடி போட்டுவிட்டு இன்னும் மேலே நடங்கள். ஆம்பின் பின்னால் போனிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின் இரண்டையும் மாற்றிச் சொருகுங்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது என்பது வழக்கம். குறைவு பக்கம் மாறினால் போனோ கேபிளோ. மாறாவிட்டால் ஆம்ப். இரண்டாவது விடை வந்தால் கீழே நடங்கள். பாக்ஸ்களையே தூக்கி இடம் மாற்றி வையுங்கள். குறைவு பாக்ஸோடு போனால் பாக்ஸ் கெட்டது. குறைவு அதே மூலையில் நின்றால் அறையோ, அந்தப் பக்கத்து ஒயரோ.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒயரையும் மாற்றி, பாக்ஸையும் மாற்றி, கேபிளையும் புதிதாகப் போட்டால் கோளாறு போய்விடலாம், ஆனால் எதனால் போனது என்று தெரியாது. அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிற்கும். நான் ஒரு பழைய நோட்டில், என்ன மாற்றினேன், சத்தம் எந்தப் பக்கம் போனது என்று ஒரு வரி எழுதிக்கொள்வேன். மூன்றாவது வரியில் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

நம் வீடுகளின் கூடம்

கும்பகோணத்தில் என் சித்தப்பா வீடு பழைய காலத்து நீள வீடு. திண்ணை, ரேழி தாண்டினால் கூடம், நடுவில் முற்றம். இடது பாக்ஸ் பத்தாயத்தை ஒட்டிய மூலையில். வலது பாக்ஸ் முற்றத்துத் தூண் ஓரம். இடது பக்கம் ‘தொம் தொம்’ என்று உறுமும், வலது பக்கம் வறண்டு கிடக்கும். அவர் ஏற்கெனவே இரண்டு ஆம்ப் மாற்றியிருந்தார். நான் போய் இரண்டு பாக்ஸையும் இடம் மாற்றி வைத்தேன். உறுமல் பத்தாயத்து மூலையிலேயே நின்றது. மூலையில் வைத்த பாக்ஸ் பக்கத்துச் சுவரையும் பின்சுவரையும் சேர்த்து ஒலிக்கிறது. முற்றத்து ஓரம் வைத்த பாக்ஸின் பேஸ் வானத்துக்குப் போய்விடுகிறது.

“அப்போ ஆம்ப் மேல தப்பே இல்லையாடா?” என்று கேட்டார். “இல்ல சித்தப்பா, பாக்ஸ் ரெண்டையும் எதிர்ச் சுவருக்கு மாத்துவோம்” என்றேன். இரண்டு பாக்ஸும் ஒரே சுவரில், சுவரிலிருந்து ஒரே தூரத்தில், மூலையிலிருந்து ஒரே தூரத்தில் வந்தபிறகு மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது கை வாசிக்கும் கனத்த பக்கம், இரு பாக்ஸிலும் ஒன்றுபோலக் கேட்டது.

உங்கள் வீட்டில் அப்படி மாற்ற இடம் இல்லையென்றால், மூலையில் இருக்கும் பாக்ஸைச் சுவரை விட்டு இரண்டடி முன்னால் இழுங்கள். ஒரு பக்கம் வெறும் சுவர், மறு பக்கம் கனத்த திரைச்சீலை அல்லது துணி பீரோ என்றால் மேல் ஸ்தாயி ஒரு பக்கம் மங்கும். வெறும் சுவரில் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டுக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அறைதான் காரணம்.

கேபிள், ஜாக்

சின்னச் சமாச்சாரம், ஆனால் கோளாறுகளில் பாதி இங்கேதான் என்பது என் அனுபவம். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கின் நுனி இடது பக்கம், அடுத்த வளையம் வலது, அடியில் இருக்கும் பெரிய பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். போனில் அது முழுக்க இறங்காமல் நின்றால் ஒரு பக்கம் போய்விடும். சட்டைப் பையில் சேரும் பஞ்சும் தூசும் போன் ஓட்டைக்குள் கெட்டியாக அமர்ந்து ஜாக்கை இறங்கவிடாது. போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

பாட்டில் குரல் மட்டும் காணாமல் போய், பின்னணி வாத்தியம் மட்டும் எங்கிருந்தோ கேட்கிறதா? கிரவுண்ட் ஒயர் அறுந்திருக்கிறது. அப்போது இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். குரல் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் ‘ங்ங்ங்’ என்று இரைந்தால், அந்தப் பக்கத்து ஷீல்டு (உள் ஒயரைச் சுற்றியிருக்கும் கம்பி வலை) விட்டிருக்கும்.

சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் வயலில் இருந்த எலிகள் வீட்டுக்குள் வரும். பீரோவுக்குப் பின்னால் போகும் ஒயரை டார்ச் அடித்து முழு நீளத்துக்கும் பாருங்கள். மேல் உறை கடிபட்டு உள்ளே இரண்டு இழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் சத்தம் விட்டு விட்டு வரும்.

பிளஸ் மைனஸ்

ஒரு பாக்ஸில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் நடக்கும் கோளாறு விசித்திரமானது. இரண்டு பாக்ஸும் தனித்தனியே நன்றாகத்தான் பாடும். சேர்ந்து பாடும்போது நடுவில் யாரும் இல்லாதது போல இருக்கும். குரல் அறை முழுக்கப் பரவி நிற்கும், பேஸ் பாதி காணாமல் போகும். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போவதால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

சோதிக்க ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு ஒயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். ஊஃபர் கூம்பு முன்னால் துள்ள வேண்டும். இரண்டு பாக்ஸும் ஒரே பக்கம் துள்ளினால் சரி. ஒன்று உள்ளே இழுத்தால் அதன் ஒயரை மாற்றிப் போடுங்கள். ரிப்பேருக்குப் போய் வந்த பாக்ஸில் உள்ளே ஒயரை மாற்றி ஈயம் வைத்திருக்க வாய்ப்புண்டு. அதனால் வெளியே நிறம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

பாக்ஸ்தான் என்று முடிவானால்

பேட்டரி கூம்பை ஆட்டவே இல்லையென்றால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒயர் முனையில் அளந்து பாருங்கள். 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும் பாக்ஸ் மீட்டரில் 6 அல்லது 7 காட்டும். 4 ஓம்ஸ் பாக்ஸ் மூன்றரை பக்கம் காட்டும். இரண்டு பாக்ஸும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று எதுவுமே காட்டாவிட்டால் ஒயரோ, கூம்பை ஆட்டும் கம்பிச் சுருளான காயிலோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட், அதை ஆம்போடு சேர்க்கவே கூடாது.

ட்வீட்டர் கெட்டிருந்தால் மீட்டரில் தெரியாது. அதற்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்து மீட்டர் அனுப்பும் டிசி மின்சாரத்தை நிறுத்திவிடும். அதற்கு நான் செய்வது இது: செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை ட்வீட்டருக்கு நேரே பிடித்துக் கேட்பேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போல. ஜால்ரா ஒலிக்கும் பாட்டாக இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அது சில வருடங்களில் பொடிந்துவிடும். வளையம் மட்டும் மாற்றினால் போதும், ஸ்பீக்கரையே தூக்கிப் போட வேண்டாம். இரண்டு கையின் விரல்களையும் கூம்பில் சமமாகப் பரப்பி, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். ‘சர்க் சர்க்’ என்று உரசினால் காயில் நகர்ந்திருக்கிறது.

ஒன்றை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பாக்ஸின் முன்னாலோ பின்னாலோ பேஸுக்காக ஒரு குழாய் ஓட்டை இருக்குமே, அதில் டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் வலது பாக்ஸில் பேஸ் குறைந்தது. ஓம்ஸ் சரி, பேட்டரிக்குத் துள்ளியது, இடம் மாற்றினாலும் அதே பாக்ஸ்தான். கடைசியில் குழாய்க்குள் டார்ச் அடித்தால் கைப்பிடி அளவுக்குக் குளவி மண்கூடு கட்டி, வாயைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. மண் நன்றாகக் காய்ந்து, விரல் ரேகை போல வரி வரியாக இருந்தது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள், அதனால் அக்காவின் மாமியார் அதை உடைக்க விடவில்லை. குளவி பறந்து போகும்வரை இருபது நாள் காத்திருந்து, பிறகுதான் எடுத்தோம். அன்றைக்கே பேஸ் திரும்பிவிட்டது. இப்போது அந்தக் குழாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள்.

ஆம்ப்தான் என்று முடிவானால்

மூடியைத் திறக்காமலே இன்னும் இரண்டு விஷயம் பார்த்துவிடலாம்.

வால்யூம் திருகுக்குள் இரண்டு கார்பன் பட்டை இருக்கிறது, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மலிவானவற்றில் இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோல ஏறாது. அதனால் மிகக் குறைந்த வால்யூமில் சத்தம் ஒரு பக்கம் சாய்ந்து, கூட்டக் கூட்டப் படிப்படியாக நடுவுக்கு வரும். இதற்கு ரிப்பேரே தேவையில்லை. போனின் வால்யூமைப் பாதியாகக் குறைத்து, ஆம்ப் திருகை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து கேளுங்கள். திருகும்போது ‘கரகர’ என்றால் பட்டையில் அழுக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகின் இடுக்கில் ஒரு துளி அடித்து இருபது முப்பது முறை முன்னும் பின்னும் திருகுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகு ஆன் செய்யுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும்.

படிப்படியாக அல்லாமல் ‘டக்’ என்று சத்தம் வந்தால், அது வேறு கதை. என் செட்டில் நடந்தது அதுதான். நல்ல ஆம்ப்களில் ஸ்பீக்கரைக் காப்பாற்ற ஒரு ரிலே, அதாவது தானாகத் திறந்து மூடும் சுவிட்ச், இருக்கும். ஆன் செய்து சில நொடி கழித்து உள்ளே ‘டிக்’ என்று கேட்குமே, அது. அதன் தொடுமுனைகளில் மழைக்கால ஈரத்தில் மெல்லிய கறுப்புப் படலம் படியும். சத்தம் குறைவாக இருக்கும்போது வோல்ட்டேஜும் குறைவு, அதனால் படலத்தைத் தாண்ட முடியாது. கூட்டியதும் உடைத்துக்கொண்டு போகும். ஸ்பீக்கர் ஒயரை மாற்றியதும் குறைவு இடது பாக்ஸுக்குப் போனது, ஆர்சிஏவை மாற்றினால் நகரவில்லை. ஸ்குரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் மூடிமேல் லேசாகத் தட்டினேன், வலது பக்கம் வந்து வந்து போனது. அதற்கு மேல் சந்தேகப்பட இடமில்லை. பிறகுதான் மூடியைத் திறந்து, அதே எண்ணுள்ள புது ரிலே வாங்கிப் போட்டேன். தொடுமுனையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது. மேல் பூச்சு போய்விடும், அடுத்த மழைக்கு இன்னும் மோசமாகும்.

காதை நம்பாமல் எண்ணில் பார்க்க விரும்பினால், போனில் 100 ஹெர்ட்ஸ் ஒலியை மோனோவில் போட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் அளக்கலாம். விலை குறைந்த மீட்டர்களில் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அதில் இது சரியாகத் தெரியாது. சின்ன வோல்ட் காட்டும் ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் வேண்டும். இடது 2 வோல்ட் காட்டும்போது வலது 1.78 காட்டினால் வித்தியாசம் 1 டெசிபல், பாட்டில் பெரிதாகத் தெரியாது, விட்டுவிடுங்கள். 1.41 காட்டினால் 3 டெசிபல், அதாவது பவர் பாதிதான் போகிறது. இதைத் தேடத்தான் வேண்டும்.

அதோடு பாட்டை நிறுத்தி, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, அதே முனைகளில் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. முழு வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஐசியோ போயிருக்கிறது. பாக்ஸை அதில் சேர்த்தால் காயில் கருகிவிடும்.

இதற்கு மேல், மின்சார வேலை தெரியாதவர்கள் கை வைக்க வேண்டாம். உள்ளே 230 வோல்ட் வருகிறது, பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். தெரிந்தவர்கள் அசெம்பிள் செட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஈயம் வைத்த இடங்களை. சுற்றி வளையம் போல விரிசல் விட்டிருந்தால் மறுபடி சூடு வைத்தால் போதும். இடது போர்டும் வலது போர்டும் ஒன்றேதான் என்பதால், ஒவ்வொரு பின்னிலும் வோல்ட் அளந்து நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். வோல்ட் வித்தியாசப்படும் இடத்தின் பக்கத்தில்தான் கெட்ட பாகம் இருக்கும்.

மீதிச் சாதனங்கள்

ஹெட்போன் என்றால் இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டாலே போதும். குறைவு காதோடு நின்றால் காது, ஹெட்போனோடு போனால் ஹெட்போனோ, அதற்கு முன்னால் இருக்கும் போனோ. காதில் செருகும் புளூடூத் பட்ஸில் ஒரு பக்கம் மங்கினால், வலை மீது காது அழுக்கு படிந்திருக்கும். காய்ந்த மென்மையான பல்தேய்க்கும் பிரஷை வைத்து, வலை கீழே பார்க்கும்படி பிடித்துத் தேய்க்கவும். தண்ணீர் வேண்டாம்.

வீட்டில் பழைய கேசட் இருந்தால், டெக்கின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் காப்பிப் பொடி நிறத்தில் வந்தால், ஒரு பக்கம் மங்கியதன் காரணம் அதுவே. ஆராதனைக் கச்சேரிகளைப் பதிந்து வைத்த கேசட்டுகள் எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கு மாற்றுவதற்கு முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள். மங்கலாக மாற்றி வைத்துவிட்டு அசல் கேசட்டைத் தூக்கிப் போட்டால் திரும்பப் பெற வழியில்லை.

கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே ஸ்டீரியோ வேண்டாம். மண்டபத்தின் வலது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு இடது பாக்ஸ் கேட்காது. மிக்சரில் சத்தத்தை இடதுக்கோ வலதுக்கோ தள்ளும் பேன் திருகு நாயன மைக்குக்கு ஒரு பக்கம், தவில் மைக்குக்கு மறு பக்கம் என்று இருந்தால் பாதி சபைக்கு நாயனமே இல்லை. எல்லாப் பேன் திருகையும் நடுவில் வையுங்கள். ‘ஒரு பக்கம் சத்தம் வரலை’ என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து சொன்னால் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தத் திருகைத்தான்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போதும், மழைக்காலத்திலும்

கடையில் கொடுக்கும்போது ‘வலது பக்கம் வேலை செய்யலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நோட்டில் எழுதியதைக் காட்டுங்கள்: ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் பக்கம் மாறுகிறது, ஆர்சிஏவை மாற்றினால் மாறவில்லை, குறைந்த சத்தத்தில்தான் வருகிறது. இது தெரிந்தால் அவர் நேராக அந்த இடத்துக்குப் போவார், உங்களுக்கும் கூலி மிச்சம். எந்தப் பாகத்தை மாற்றினார் என்று கேட்டு, பழைய பாகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசியிலிருந்து மார்கழிவரை செட்டைப் போடாமல் மூடி வைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் பாடவிடுங்கள். உள்ளே ஏறும் சூடு ஈரத்தை விரட்டும், ரிலேயும் திறந்து மூடிப் பழகும். மேலே துணி போர்த்தியிருந்தால் பாடும்போது எடுத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைப் பிடுங்கி, பாக்ஸைத் தரையிலிருந்து தூக்கிப் பெஞ்சின் மேல் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது எத்தனையோ நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். அப்படி நீண்ட நாள் கழித்துக் கரண்ட் வரும்போது உடனே ஆம்பைப் போடாமல், பல்பு ஒன்றைப் போட்டு அது நிதானமாக எரிகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அப்புறம் சொருகுங்கள். முதலில் மோனோ, வால்யூம் குறைவாக, பாக்ஸுக்கு நடுவே உட்கார்ந்து. நாயனம் காலண்டருக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள்.